பாரிஸ் பாடகிக்குப் போர்த்திய துண்டு

பாட்டு பிடித்தால் மேடையேறிவிடும் புத்தியை, சாரம் என்கிற எங்கள் ஊரில் உள்ள வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். மடையன் நான், அதையும் பாரிஸுக்குக் கூட்டிப் போனேன்.

என் மனைவியின் தம்பிதான் தன் பொறுப்பில் என்னை அங்கே அழைத்திருந்தான். நான் வம்பில் மாட்டினால் அவனையும் விசாரிப்பார்கள். அவன் வேலைக்குப் போனதும், சுவரொட்டிகளைப் பார்த்து, பெயரே கேள்விப்படாத புதுப் பாட்டுக் குழுக்களைக் கேட்கத் தனியாகக் கிளம்பிவிடுவேன்.

ஒரு ஞாயிறு மாலை, மதுக்கடை ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு பெண் கிடாரோடு பாடினாள். உருகிப்போனேன். நம் ஊர்த் திருவிழா மேடையில் செய்வதுபோல, பாதிப் பாட்டிலேயே ஏறி, என் துண்டை அவளுக்குப் போர்த்தினேன். அவள் அலறினாள். காவலாள் என்னைக் குழந்தைபோலத் தூக்கிவிட்டான். “போலீஸைக் கூப்பிடு” என்று யாரோ சொன்னதும், மச்சான் முகம்தான் கண்முன் வந்தது.

பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் கத்தினேன்: “எங்க ஊர்ல இது மரியாதைங்க!”

அவள் விழித்தாள், பிறகு சிரித்துவிட்டாள். “அவர விட்டுடுங்க” என்றாள். அடுத்த பாட்டைத் துண்டோடுதான் பாடினாள்.

அதிலிருந்து, பாடியவர்கள் கீழே இறங்கி வந்த பிறகு, அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் போர்த்துகிறேன். அன்றைக்கே மச்சானிடம் அப்படிச் சத்தியம் செய்துவிட்டு, மெல்ல இழுத்தேன்: “அடுத்த ஞாயிறு இன்னொரு புதுக் குழு பாடுதாம் மச்சான், போவட்டுமா?”

“நானும் வரேன் மாமா, உங்க கையப் புடிச்சிக்க.”