பனியன் கம்பெனியில் ஒரு ரஷ்யப் பனிக்காலம்

பனியன் செக்கிங்கில் கண் ஓட்டையைத் தேடும், கை பிசிறை வெட்டும், வாய்க்கு மட்டும் வேலை கிடையாது. அந்த வாயால் முணுமுணுத்துப் படித்தே தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷைக் கடைசிப் பேப்பர் வரை கொண்டுவந்துவிட்டேன். வேலைக்கும் போய்க்கொண்டு பரீட்சைக்கும் படிக்கும் சக பாவிகளுக்கு என் பாடு புரியும். அந்தப் பேப்பரில் ஒரு பழைய ரஷ்யச் சிறுகதை. சண்டை போட்டுப் பிரிந்த அண்ணனைப் பார்க்க ஒரு குடியானவர் கொட்டும் பனியில் கிளம்புகிறார். வழியெல்லாம் எனக்குத் தெரியாத வார்த்தைகள். போன தடவை அதில்தான் ஃபெயில். "டிகிரி முடிங்க கண்ணு, ஆபீஸ்ல மர்ச்சண்டைசிங் வேலைக்கு எடுத்துக்கறேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலை. விடுவேனா?

சமோவார்

கதையில் எல்லோரும் சமோவாரைச் சுற்றி உட்காருகிறார்கள். குளிர்காயும் அடுப்பு என்று போன தடவை எழுதித் தொலைத்திருந்தேன். இந்த முறை போனில் தேடினால், டீக்கு வெந்நீர் காய்ச்சும் பாத்திரமாம். படத்தைப் பார்த்தேன். நடுவில் கரி போடும் குழல், கீழே குழாய். அருள்புரத்தில் எங்கள் கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணனின் பித்தளை பாய்லரேதான்! ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். படத்தையும் பாய்லரையும் மாறி மாறிப் பார்த்தவர் சொன்னார்: "பாருங்க, இத்தன நாளா பாரின் சரக்க வெச்சுக்கிட்டு லோக்கல் ரேட்டுக்கு டீ வித்திருக்கறனுங்க!"

வெர்ஸ்ட்

குடியானவர் இருபது வெர்ஸ்ட் போகவேண்டும். வெர்ஸ்ட் என்பது கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரம். மறந்துவிடக் கூடாதென்று, கம்பெனி வேனில் போகும்போது "பல்லடத்துக்கு இன்னும் எத்தனை வெர்ஸ்ட்ங்க?" என்று டிரைவரைக் கேட்டுவைத்தேன். விளக்கம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "கிலோமீட்டர விடக் கூடங்களா? முதலாளி காதுல போட்டுறாதீங்க, அப்பறம் ஒரு வெர்ஸ்ட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் டீசல்தான் குடுப்பாரு."

ஸ்லெட்ஜ்

இதுதான் என்னைப் படுத்தி எடுத்தது. சக்கரமில்லாத வண்டி, பனிமேல் வழுக்கிக்கொண்டு போகும் என்கிறது அகராதி. பனியையே பார்க்காதவளுக்கு எப்படிப் புரியும்?

ஒருநாள் கட்டிங் பக்கமிருந்து பீகார் தம்பி சுரேஷ், ஒரு பெரிய பாலிதீன் ஷீட்டின் மேல் துணி பண்டலை ஏற்றி, வழவழ தரையில் சர்ரென்று இழுத்துக்கொண்டு வந்தான். "ஸ்லெட்ஜ்! ஸ்லெட்ஜ்!" என்று நான் கத்திய கத்தலில் செக்கிங் டேபிளே திரும்பிப் பார்த்தது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்துபோனான் அவன். "இல்லக்கா, டிராலி சக்கரம் உடைஞ்சு போச்சுக்கா!"

ரிசல்ட்

பரீட்சையில் கேட்டதே அந்தப் பனிப் பயணத்தைத்தான். கேள்வியைப் படித்ததும் சுரேஷின் பண்டல் கண்ணில் வழுக்கிக்கொண்டு வந்தது. பேனா நிற்கவில்லை. குடியானவரை அண்ணன் வீட்டில் சேர்த்து, இருவர் கையிலும் சூடாக டீயைக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

வேலை நடுவே ரிசல்ட் வந்தது. பாஸ். அந்தப் பேப்பரில்தான் எனக்கு அதிக மார்க்! டேபிள் மொத்தமும் கைதட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. மேலே ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு மெயிலை நீட்டினார். "ரஷ்யாக்காரன் வார்த்தையே உங்களுக்கு அத்துப்படி. இந்த பையரு என்னதான் கேக்கறாருன்னு கொஞ்சம் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க கண்ணு."

முன்பெல்லாம் புரியாத வார்த்தைக்காக நான் பரீட்சை ஃபீஸ் கட்டினேன், இப்போது அதே புரியாத வார்த்தைக்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.