மழை என்று நான் சொன்ன வீடு

ஊறிய களிமண்ணும் வைக்கோலும் சேர்ந்த வாசம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் நான் முதலில் தலைக்கு மேலே சீலிங்கைத்தான் பார்ப்பேன். பள்ளிப்படிப்பு எனக்கு ஏறவில்லை. ஆனால் ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்துப் பக்கம் பழைய மரச்சட்ட வீடு எது சரிந்தாலும் படித்த எஞ்சினியர்மாரே என்னைத்தான் தேடி வருகிறார்கள். அந்த வேலையின் முதல் பாடம், பதின்மூன்று வயதில் அகதியாக வந்து அம்மாவோடு நான் குடியிருந்த முந்நூறு வருடத்துக் கிராமத்து வீட்டில் கிடைத்தது.

கறுத்த ஓக் சட்டங்களுக்கு இடையே களிமண் அடைத்துச் சுண்ணாம்பு பூசிய சுவர்கள். கூரைக்குக் கீழே எங்கள் அறை. அதன் தரைப் பலகைக்கு அடியிலும் மண்ணும் வைக்கோலும்தான். அதற்கு நேர் கீழே, இடுப்பு முறிந்து படுத்திருந்த வீட்டுக்காரக் கிழவரின் கட்டில். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. வெள்ளிக்கிழமை "வீடு கழுவ" வேண்டுமென்று, ஊரில் சீமெந்துத் தரையில் ஊற்றுவதுபோல மூன்று வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

நான் கீழே இறங்கியபோது கிழவரின் தலைக்கு மேல் சீலிங் சினைமாட்டு வயிறு மாதிரித் தொங்கியது. "டெக்கெ, டெக்கெ" என்று கத்தினேன். ஜெர்மனில் சீலிங்குக்கும் போர்வைக்கும் அந்த ஒரு சொல்தான். கிழவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "எனக்குக் குளிரவில்லை, பிள்ளை" என்றார். கட்டில் காலைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. சுவரில் காலை ஊன்றி மறுபடி இழுத்தேன். கட்டில் கதவடிக்கு வந்ததும், அவர் தலை கிடந்த இடத்தில் மண் முழுவதும் கொட்டியது.

அவர் மனைவி ஓடிவந்தாள். என்னோடு எங்கள் அறைக்கு ஏறி நனைந்த பலகையைப் பார்த்து, "எங்கிருந்து தண்ணீர்?" என்றாள். வீட்டைவிட்டு எழுப்பிவிட்டால் திரும்ப அகதி முகாம்தான். முதல்நாள் பெய்தது ஞாபகம் வந்து, "மழை" என்றேன்.

"என்னடா சொன்னனீ?" என்றார் ஜெர்மன் விளங்காத அம்மா.

"மழையெண்டு."

"நான் ஊத்தினதெண்டு சொல்லடா. பாவம் அதுகள்."

"சும்மா இரணை. முகாமுக்குத் திரும்பிப் போகப் போறியோ?"

அம்மா வாளியைச் சேலையால் மறைத்துக்கொண்டு நின்றார். கிழவி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அடுத்த மாதமே கூரையைப் பிரித்து, கையால் வளைத்துச் செய்த, ஒன்றைப்போல ஒன்று இல்லாத அந்த ஓடுகளையெல்லாம் உடைத்துக் கொட்டிவிட்டு, இயந்திர ஓடு போட்டார்கள். அந்தப் பழைய ஓடுகளில் ஒன்றுகூட ஒழுகியதில்லை.

இப்போதும் அந்தப் பக்கம் வேலைக்குப் போனால், என்னோடு வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டி, ஒரு உயிரை இழுத்தெடுத்தவன் நான் என்று சொல்லுவேன், அது பொய்யில்லை. சட்டங்கள் அப்படியே நிற்கின்றன. போன கிழமை ஒருத்தன், "ஓடு மட்டும் ஏன் அண்ணை புதுசு?" என்று கேட்டான்.

பழையது ஒழுகினது என்றேன்.