வெல்டரின் தகட்டில் ஒரு பிறை

பதினைந்து வருடங்களுக்கு முன்பு, எனக்குக் கல்யாணமான புதிதில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்ரே லேபில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இல்லை, இரும்புக்கு எடுக்கிற எக்ஸ்ரே. வார்ப்பிலோ வெல்டிங்கிலோ உள்ளே ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று ஃபிலிமைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் என் மாமியார், "மருமக எக்ஸ்ரே எடுக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர்களும் உடனே முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

திருநின்றவூரிலிருந்து ரயிலில் போய் வருவேன். டார்க் ரூமின் சிவப்பு விளக்கு, மருந்துத் தண்ணீரின் புளித்த வாடை, க்ளிப்பில் தொங்கும் ஈர ஃபிலிம்கள், எல்லாமே எனக்குப் பிடிக்கும். இப்போது படம் நேராகக் கம்ப்யூட்டருக்கே வந்துவிடுகிறது. சௌகரியம்தான். ஆனால் தொட்டிக்குள் படம் மெல்ல எழும்பி வருவதைப் பார்க்கிற சந்தோஷம் இதில் கிடையாது. கூடவே அந்த நாளில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பெரிய பெரிய ஃபோர்மேன்களெல்லாம் என் கையெழுத்துக்குக் காத்திருப்பார்களே!

ஒருநாள் பக்கத்திலிருக்கும் பாடியில் ஒரு பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். அதுவரை ஹெல்பராக இருந்தவர், வெல்டர் பரீட்சைக்காக இரண்டு தகடுகளை ஒட்டிக் கொடுத்திருந்தார். அதைத்தான் நாங்கள் படமெடுத்திருந்தோம். பாஸானால் பாய்லர் வேலைக்கு வெல்டராக எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பழையபடி ஹெல்பர்தான். ஃபிலிமை ஒளிப்பெட்டியில் வைத்தேன். வெல்டிங் கோட்டின் மேல் பிறை போல வளைந்து, கறுப்பாக ஒரு கீறல். 'விரிசல்' என்று எழுதி நீட்டினேன்.

"மேடம், அந்த எடத்துல நான் கையே எடுக்கல, ஒரே இழுப்பா ஒட்டினேன். இன்னொரு தபா எடுத்துப் பாருங்களேன்" என்றார்.

"ஃபிலிம் பொய் சொல்லாதுங்க" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. அவர் அந்தக் கீறலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாளே, வேறொரு கம்பெனியின் வால்வு ஃபிலிமில் அதே பிறை. அதே அளவு. ஃபிலிமை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரும்பில் ஒன்றுமில்லை, ஃபிலிம்தான் லேசாக மடங்கியிருந்தது. கல்யாணத்துக்காக ஆசையாக வளர்த்த நகத்தை வெட்ட மனமில்லாமல் வைத்திருந்தேன். இருட்டில் உறையிலிருந்து ஃபிலிமை அவசரமாக உருவும்போது கட்டைவிரல் அழுத்தியிருக்கிறது. நகத்தை அதன்மேல் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தியது. ஓடிப்போய் வெல்டரின் ஃபிலிமைத் தேடி எடுத்தேன். அதிலும் அதே மடிப்பு.

"ரிப்போர்ட் போயாச்சு, விடும்மா. லேப் பேரு கெட்டுடும்" என்றார் மேனேஜர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று எழுதியே தருகிறேன் என்று அவர் மேஜை முன்னால் நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே பட்டறைக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலையில் அந்த வெல்டரே தகட்டைப் பையில் போட்டு, பஸ்ஸில் எடுத்துவந்தார். மறுபடி படமெடுத்தோம். ஒரு புள்ளிகூட இல்லை. பழைய ஃபிலிமில் என் நகத்தை வைத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்போ வெல்டிங்கு நல்லாத்தான் கீதுங்களா மேடம்?"

"ரொம்ப நல்லா இருக்குங்க. தப்பு என்னுதுதான்."

"ரெண்டு நாளா வெல்டிங் ராடு புடிச்சாலே கை நடுங்குது மேடம். நமக்கு இந்த வேலையே வராது போலன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்று சொல்லி, தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அவர் திட்டியிருந்தால் அந்த வருடமே மறந்திருப்பேன். அதற்குப் பிறகு எத்தனையோ பாகங்களை ரிஜெக்ட் செய்திருக்கிறேன். ஆனால் நல்ல வேலைக்காரர் ஒருவருக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போகும்படி இரண்டே நாளில் என்னால் செய்ய முடிந்தது என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது, அதனால்தான் இன்னொரு படம் எடுத்துப் பார்க்காமல் யார் வேலையையும் தப்பென்று நான் எழுதுவதில்லை.