பன்னிரண்டாவது தூண்

மயிலாப்பூர்க் கடலோரத்து மாதா கோயிலில் வேதநாயகத்துக்கு மூன்று வேலை: மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பார்க்க வருகிறவர்களிடம் சரித்திரம் அளப்பது. மூன்றாவதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கோயிலில் பதினொரு தூண்கள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஓர் அப்போஸ்தலர் பெயர். குப்பத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு தூணைப் பிடித்து வைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதில்தான் சாய்ந்து உட்காருவார்கள். பெரிய ராயப்பர் தூண் படகுக்காரர்களுக்கு. வேதநாயகம் வீட்டுக்கு மட்டும் தூண் கிடையாது. அவர் மனைவி தேசம்மா தீராத முதுகுவலியோடு நடுவில் உட்காருவாள். அந்த வயிற்றெரிச்சலில் அவர் கட்டிய கதை இது: "பன்னெண்டாவது யூதாஸ் தூணு. காட்டிக் குடுத்தவனுக்கு தூணு ஒரு கேடான்னு போர்ச்சுகீஸ்காரன் கட்டாம வுட்டுட்டான்." இருபது வருஷம் சொன்னார். குப்பமே நம்பியது.

தொண்ணூற்றாறு மழையில் காரை பெயர்ந்தது. பழுதுபார்க்க வந்த இன்ஜினியர் ஷஃபியுல்லா வலப்பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்து, உடைக்கச் சொன்னார். உள்ளே முழுசாக ஒரு கருங்கல் தூண்.

யாருக்கும் சொந்தமில்லாத தூண். வேதநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. உடனே தேசம்மாவை அழைத்துவந்து காட்டினார்.

"யூதாஸ் கால்ல நா குந்த மாட்டேன்" என்றாள்.

"இது மத்தியா தூணு. யூதாஸ் எடத்துக்கு அவரத்தானே எடுத்தாங்க. பைபிள்லயே கீது."

"அப்ப இருபது வருஷமா இன்னாய்யா சொல்லிக்கினு இருந்தே?"

மூன்று வாரம் மன்றாடினார். கடைசியில் முதுகுவலிதான் ஜெயித்தது. தேசம்மா சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று பூசை முடிந்ததும் ஷஃபியுல்லா பாதரிடம் எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "மத்த பதினொண்ணும் அழகுக்கு வெச்சது பாதர், உள்ள செங்கப்பொடி. கூரையோட மொத்த பாரமும் இந்த ஒத்தத் தூண் மேலதான்."

அடுத்த ஞாயிறு நல்ல மழை. வேதநாயகம் மணி அடித்துவிட்டு உள்ளே வந்தார். குப்பம் மொத்தமும் யூதாஸ் காலடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எள் போட இடமில்லை.

"இது எங்க தூணு" என்றார்.

"மத்தியா எல்லாருக்கும் பொது, நைனா" என்றார்கள்.

தேசம்மாவைத் தேடினார். எதிர்ப்பக்கம், ஆளில்லாத ராயப்பர் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கூரை வுழுந்துடப் போவுது."

"அது என்னிக்கோ வுழும். முதுகு இன்னிக்கி வலிக்குது. குந்து."

வேதநாயகம் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.