எங்கள் ரோடும் என் வீட்டுத் தாழ்ப்பாளும்

‘டக்.’ இருட்டின பிறகு, யாரும் தொடாமல், எங்கள் வாசற்கதவின் மேல் தாழ்ப்பாள் தானாகக் கழன்று விழுகிற சத்தம் இது. வீட்டு முன்னால் பள்ளத்தை வைத்துக்கொண்டு, ரோடு யாருடையது என்று மனுவோடு அலைகிறவர்களே, உங்களுக்குத் தெரியும்: சம்பளமில்லாத இந்த உத்தியோகத்தில் சந்தேகப்படாமல் பிழைக்க முடியாது.

திருடன்

கணவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் நைட் ஷிப்ட். முதல் தடவை ‘டக்’ கேட்டபோது திருடன்தான் என்று பூரிக்கட்டையோடு நின்றேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது, ஆளில்லை. தோல் லாரி பள்ளத்தில் தடாலென்று இறங்கும்போதெல்லாம் கதவு நிலை அதிர்ந்து தாழ்ப்பாள் கழல்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

அதற்கு மறுநாள் காலை, ராத்திரி மறுபடி கழன்றதை நான் கவனிக்கும் முன், நடக்கப் பழகியிருக்கும் என் மகள் நிலா அதே கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தின் ஓரம் நின்றிருக்கிறாள். முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா தூக்கிவந்து கொடுத்தார்.

“திருடன் உள்ள வர்றது இருக்கட்டும்மா, உன் பொண்ணு வெளிய போய்ட்டா பாரு!”

பொதுப் பள்ளம்

கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி மார்ஜின் விட்டு மனு எழுதினேன். டவுன் ஆபீசில் “உங்க பக்கம் ஊராட்சிம்மா” என்றார்கள். ஊராட்சி ஆபீசில் “அது டவுன் லிமிட்” என்றார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றதும் ஒரு கிளார்க் டேப்போடு வந்து அளந்தார். எல்லை சரியாகப் பள்ளத்தின் நடுவில் ஓடியது. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

“பள்ளம் ரெண்டு ஆபீசுக்கும் பொதுங்க. ஒருத்தர் மட்டும் மூடினா ஆடிட்ல மாட்டிப்போம்.”

டீ

லாரி போய் நிற்கிற தோல் குடோனுக்கும் போனேன். வாட்ச்மேன் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். என் பெயரையும் கதவு நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். கணவரைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

“நைட் ஷிப்ட்தானே மேடம் உங்க வீட்டுக்காரர்? பாத்து இருங்க.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆள் கிடைத்தது

இன்று சாயங்காலம் கதவைத் தட்டுகிற சத்தம். குடோன் ஆள்தான் என்று நிலாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவுச் சந்து வழியே பார்த்தேன். வந்தவர் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். ஆட்டோ பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. ரோடு யாருடையது என்று டவுன் ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறார். ஃபைலைப் புரட்டினால் அதில் இருந்தது என் மனு மட்டும்தான்.

“அந்த ரோட்டுக்கு உங்க பேர்தான் இருக்குதாம் மேடம். ஆக்சில் போய்டுச்சி, இன்னா பண்ணப் போறீங்க?”

அவர் போனதும் ஸ்டூல் மேல் ஏறி, ஸ்க்ரூ டிரைவரை வைத்து அம்மிக்குழவியால் தட்டித் தட்டி, நிலையில் தாழ்ப்பாள் ஓட்டையை ஆழப்படுத்தினேன். பத்தரைக்கு லாரி வந்தது. தடால். பாத்திரமெல்லாம் ஆடியது, ‘டக்’ மட்டும் கேட்கவில்லை. நிலா புரண்டு படுத்தாள்.

ஆக, எங்கள் ரோட்டுக்கு ஒருவழியாகப் பொறுப்பாளர் கிடைத்துவிட்டார். மற்ற பொறுப்பாளர்களைப் போலவே அவரும் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.