மருந்துக் கிடங்கில் ஒரு ஜன்னல்

காலை ஏழு மணிக்குச் சத்துவாச்சாரியில் பஸ் ஏறினேன். ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் பாலாறு கூடவே வந்தது, மணலும் முள்ளுமாக. ஆம்பூரில் இறங்கி மலையடிவாரத்துக்கு ஆட்டோ பேசினேன்; நூற்றைம்பது ரூபாய்.

"மருந்துக் கிடங்கா? மருந்துன்னா எல்லாரும் வேலூருக்குப் போவாங்க, நீங்க அங்கேர்ந்து இங்க வர்றீங்களே!" என்றார் ஓட்டுநர்.

"வெடிமருந்துங்க."

"அப்ப இன்னும் பேஜாரு."

வெள்ளைக்காரப் படை விட்டுப்போன கிடங்கு. பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தாற்போல் கல் கூரை. சுவருக்குள்ளேயே வளைந்து திரும்பும் துளைகள்: காற்று நுழையும், தீப்பொறி நுழையாது. வெளிச்சமும் நுழையாது.

ஷகிலா வாசலிலேயே நின்றிருந்தார். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலையை விட்டுவிட்டு, இதை விடுமுறை வீடாக்க இறங்கியிருப்பவர்; தங்கிப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர் கணவர் இம்தியாஸுக்கு அதில் நம்பிக்கை இல்லை. உப்புப் போட்ட பச்சைத்தோலை அடுக்கி வைக்க ஒரு வியாபாரி இடம் கேட்கிறார். இன்று பகல் பன்னிரண்டுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீங்கதான் மொதல் விருந்தாளி. உள்ள படுத்துப் பாத்துட்டு உள்ளத சொல்லுங்கக்கா."

கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். வெளியே வெயில் காய்ந்தது, உள்ளே கல் குளிர்ந்தது. ஆனால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. எழுந்து வந்து உண்மையைச் சொன்னேன்: "ஒரு ராத்திரி தாங்கும். ரெண்டாவது ராத்திரிக்கு ஓடிடுவேன்."

"நான் சொல்லல?" என்றார் இம்தியாஸ். "இது தோலுக்குத்தான் ஆகும். மனுசனுக்கு ஆகாது."

ஷகிலா, கடப்பாரையோடு நின்றிருந்த மேஸ்திரி செல்வத்தைப் பார்த்தார். "ஜன்னல் வெட்டு."

"மறுபடியுமா? நீளச் சுவர்ல கை வெச்சா கூரை தலை மேலதாம்மா."

"அத யாரு தொடச் சொன்னா? தோலு எந்தப் பக்கம் இழுபடும்னு பாத்துத்தான் கத்தி வெப்போம். கூரை தள்றது ரெண்டு நீளச் சுவரைத்தானே? கோடியில இருக்கற குட்டைச் சுவரு பாரம் தாங்காம சும்மா நிக்குது. அங்க வெட்டு."

செல்வம் கூரையின் வளைவைக் கண்ணால் அளந்தார். கோடிச் சுவரைத் தட்டினார். "சரிதான். ஆனா எல்லாரும் வெளிய போய்டுங்க."

"நான் உள்ளதான் நிப்பேன். வுழுந்தா என் வூடு, என் தலை."

கடப்பாரை இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. இம்தியாஸ் வாசலில் நின்று ஷகிலாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பிறகு கத்துவதை விட்டு உள்ளே போய், மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பதினொன்றரைக்கு ஒரு கல் வெளிப்புறமாக விழுந்தது. கையளவு வானம். வெளிச்சத்துக்கு முன்னால் உள்ளே வந்தது பக்கத்துத் தோல் ஷெட்டின் நாற்றம். மூவரும் இருமி இருமிச் சிரித்தார்கள்.

"மலைக்காத்து வரும்னு சொன்னியே?" என்றார் இம்தியாஸ்.

"அதுவும் வரும். ஆம்பூர் வாசனை இல்லாம ஆம்பூர்ல இன்னா ரூமு?"

வியாபாரியிடமிருந்து போன் வந்தது. ஷகிலா எடுத்து, செல்வத்துக்குச் சைகை காட்டிவிட்டுப் போனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். கடப்பாரை நாலு அடி இறங்கியது.

"கேட்டுச்சா பாய்? கிடங்கு இல்ல. வூடு."

கிளம்பும்போது, ரம்ஜான் முடிந்ததும் இரண்டு ராத்திரிக்கு இடம் சொல்லி வைத்தேன். திரும்பும் வழியில் எங்கள் வீட்டின் ஆறு ஜன்னல்களை நினைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலைப் புழுதிக்குப் பயந்து ஆறையும் சாத்தியே வைத்திருக்கிறோம்.