சாட்சிக் கூண்டுக்கு முன்னால்

சாட்சி சொல்ல வந்த அன்புச்செல்வி கோர்ட்டு வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிர்த் தூணில் சாய்ந்து ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் வல்லரசுவின் அண்ணன். முந்தின நாள் தேரடி வீதியில் அவளுடைய தையல் கடைக்குள் வந்து, கத்தரிக்கோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன். "ஒண்டிப் பொம்பள. எதுக்குங்க உங்களுக்கு இந்த வேலை?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அந்த மரியாதைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பக்கத்து வீட்டில் அலறல் கேட்டு ஓடியபோது, கையில் எண்ணெய்ச் சட்டியோடு வல்லரசு நின்றதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கொதிக்கும் எண்ணெய் அவன் மனைவி கீர்த்தனாவின் பாதி முகத்தைத் தின்றிருந்தது. இப்போது கீர்த்தனா துப்பட்டாவால் முகத்தை மூடியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அன்புச்செல்வி இயல்பிலேயே பயந்தவள். லாரி ஓட்டப் போன கணவன் செங்கம் ரோட்டில் செத்தபோது, 'புருசன முழுங்கினவ' என்று மாமியார் வீட்டில் பட்டம் கட்டினார்கள். அவளும் அதை நம்பினாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். சர்ச்சில் பாஸ்டரம்மா சரசு மட்டும் பார்க்கும்போதெல்லாம், "வாம்மா, கர்த்தரோட மகளே" என்பார். முதலில் கூச்சமாக இருந்தது. கேட்டுக் கேட்டு, ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் போய் உட்காரும் அளவுக்கு வந்தாள்.

டவாலி வாசலுக்கு வந்து கீர்த்தனாவின் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழவில்லை.

"என்னால முடியாதுக்கா. எல்லாரும் எம்மூஞ்சியத்தான் பாப்பாங்க. 'எரிஞ்சவ'ன்னுதான் தெருவுல பேரே."

தூணில் சாய்ந்திருந்தவன் ஓரடி முன்னால் வந்தான். 'வா, வீட்டுக்கே போயிடலாம்' என்றுதான் அன்புச்செல்விக்கு வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கீர்த்தனாவின் கையைப் பிடித்தாள்.

"அது ஊரு வச்ச பேரு. நீ கர்த்தரோட பொண்ணு. அவரு ஆசப்பட்டு உண்டாக்கினவ."

"நான் உங்க சாமியக் கும்புடுறதில்லியே."

"உண்டாக்கும்போது அதெல்லாம் கேட்டுட்டா உண்டாக்கினாரு? அன்னிக்கு நான் ஓடியாந்தப்ப, அந்த எரிச்சல்லயும் கொழந்தைய முதுகுக்குப் பின்னால மறச்சு வச்சிருந்தியே. அதுதான் நீ. நான் என் கண்ணால பாத்தேன்."

"உங்க கையே நடுங்குதேக்கா."

"பயமாத்தான் இருக்குது. நீ போ. அடுத்தது நான் வரேன்."

கீர்த்தனா எழுந்தாள். வாசலில் துப்பட்டாவை விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

காலியான இடத்தில் அந்த அண்ணன் வந்து உட்கார்ந்தான். அன்புச்செல்விக்கு ஜெபம்கூட வரவில்லை. "அப்பா, அப்பா" என்று மட்டும் உதடு அசைந்தது. அவள் முறை வந்ததும் சுவரைப் பிடித்து எழுந்து போய், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள்.

வல்லரசுவுக்குத் தண்டனை கிடைத்தது. கீர்த்தனா இப்போது கீழ்பென்னாத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், முகத்தை மூடுவதில்லை. அண்ணன்காரன் மட்டும் இன்னும் அவ்வப்போது தையல் கடை முன்னால் பைக்கை மெதுவாக ஓட்டிப் போகிறான். அன்புச்செல்வி மெஷினை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தம் தேயும்வரை காத்திருப்பாள். கடையை மட்டும் இதுவரை ஒருநாளும் சாத்தியதில்லை.